கல்யாண தீர்த்தத்தில் ஒரு பகல்

கொழும்பிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னால் தூத்துக்குடியில் எல்லோரும் முதலில் பாணைப் பற்றித்தான், நாங்கள் பாண் என்று சொல்லும் ரொட்டியைப் பற்றித்தான், கேட்டார்கள். “அங்கன ரொட்டி வாங்க விடியுமுன்ன வரிசையில நிக்கணுமாமே, நெசந்தானா?” ஸ்டேஷனில் பெட்டி தூக்கியவர் கேட்டார். குதிரை வண்டிக்காரர் கேட்டார். நான் தங்கப்போகும் வீட்டு வாசலில் காத்திருந்த மாமி, வெற்றிலைக் காவிப் பல் தெரியச் சிரித்து, கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்த கையோடு அதையேதான் கேட்டாள்.

“நெசம்தான் மாமி. நின்றுதான் வாங்குகிறோம். ஆனால் வாங்கிவிடுகிறோம்” என்றேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் ஊரில் மிளகாய் கிடைக்கவில்லை, மாவு கிடைக்கவில்லை. அதற்காக வேறு நாட்டில் வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க எனக்கு விருப்பமில்லை.

நான் வந்தது தம்பி அல்பர்ட்டுக்குப் பெண் பார்க்க. எங்கள் அப்பா தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் கருவாட்டு மண்டி வைத்து, அங்கேயே அடக்கமானவர். பெண் எடுப்பதென்றால் அப்பாவின் ஊரில்தான் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அம்மாவுக்கு இழுப்பு நோய். கப்பலிலும் ரயிலிலும் வரமுடியாது. அல்பர்ட்டுக்கு வேலையில் லீவு கிடையாது. ஆகவே என்னை அனுப்பினார்கள். நான் திரும்பும்வரை அம்மாவைப் பார்த்துக்கொள்ள அடுத்த வீட்டு ரோசாக்கா ஒப்புக்கொண்டாள். பெண்ணின் அண்ணன், மாமியின் மகன் ராயப்பன், தோணியில் வேலை செய்பவர். கொழும்புக்கு வெங்காயம் ஏற்றி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டுவிட்டுப் போவார். தங்கை பிலோமினாவின் படத்தை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார்.

எனக்கும் இதில் ஒரு காரியம் இருந்தது. நான் பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. நீச்சலும் கற்றுக்கொடுப்பேன். கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில், விடுதியில் தங்கி வேலை பார்க்க எனக்கு ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாக நீச்சல் குளம் உள்ள பள்ளிக்கூடம். மாதம் முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும். ஆனால் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? வீட்டுக்கு ஒரு மருமகள் வந்துவிட்டால் நான் கண்டிக்குப் போகலாம். பெண்ணைப் பிடித்துப்போக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டுதான் நான் கப்பலே ஏறினேன்.

பெண் பிடித்துத்தான் இருந்தது. மெலிந்த உடம்பு, நல்ல உயரம், அளந்து வைக்கும் பேச்சு. காப்பி கொண்டுவந்து வைத்தபோது வலது கை நடுவிரலில் கறுப்பு மை அப்பியிருந்தது. துடைத்தும் போகாத மை. நான் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். விரலைத் தாவணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“வீட்டு வேலை எல்லாம் பாப்பா. வெளிய தெருவ போறதே இல்ல. ஏளா பிலோ, மதினிக்கு இன்னும் ரெண்டு மக்ரூன் எடுத்து வையி” என்றாள் மாமி.

“எடுத்துக்கிடுங்க அக்கா” என்றாள் பிலோ.

“அக்கா என்ன அக்கா? மதினின்னு கூப்பிடு.”

அந்த மக்ரூனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முந்திரியும் முட்டையின் வெள்ளையும் சீனியும் சேர்ந்த, காற்றைப் பிடித்துச் சுட்டது போன்ற பண்டம். வாயில் வைத்தால் கடிப்பதற்கு முன்பே காணாமல் போகிறது. கொழும்பில் எத்தனையோ கேக் தின்றிருக்கிறேன். இதற்கு ஈடாக ஒன்றையும் சொல்ல மாட்டேன். இரவு மாமி வைத்த சீலாமீன் குழம்பும் அப்படித்தான். எங்கள் ஊரில் தேங்காய்ப் பாலைக் கொட்டிக் குழம்பைச் சாதுவாக்கிவிடுவோம். இங்கே புளியும் மிளகாயும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன.

ஆனால் தண்ணீர்? தெருக் குழாயில் குடங்கள் வரிசை கட்டி நின்றன. பாணுக்கு நாங்கள் நிற்பதுபோல் தண்ணீருக்கு இவர்கள் நின்றார்கள். அதைச் சொல்லவில்லை. விருந்தாளி எல்லாவற்றையும் சொல்லக்கூடாது.

மறுநாள் ராயப்பன் என்னையும் பிலோவையும் கடற்கரைக்கு அழைத்துப்போனார். மாதா கோயில் திருவிழா முடிந்த வாரம். ராட்டினத்தைப் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் மாதக் காற்று தெருப் புழுதியையும் உப்பளத்து உப்பையும் சேர்த்து முகத்தில் அறைந்தது. கரையோரத்தில் சிப்பிச் சில்லுகள் காலில் குத்தின. முத்துக்குளித்த காலத்தில் இந்தக் கரையில் எப்படிக் கூட்டம் கூடும் என்று ராயப்பன் கையை விரித்துக் காட்டினார். தூரத்தில் புதுத் துறைமுகத்தின் கருங்கல் சுவர் கடலுக்குள் நீண்டு கிடந்தது.

கடல் குளம்போல் இருந்தது. கொழும்பில், வெள்ளவத்தைக் கடலில் அலையோடு மல்லுக்கட்டி நீந்துகிற எனக்கு அதைப் பார்க்கக் கை கால் துறுதுறுத்தது.

“நான் கொஞ்சம் நீந்திவிட்டு வரட்டுமா?” என்று கேட்டேன்.

ராயப்பன் என்னைப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் கையில் இருந்ததை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இங்கன பொம்பளைய கடல்ல இறங்கமாட்டாகக்கா” என்றார் பணிவாக. “எங்க அப்பா சங்கு குளிச்சவரு. நானு பத்து வயசுல இருந்து கடல்லதான். ஆனா இவ முட்டளவுக்கு மேல தண்ணியில நின்னது கிடையாது.”

“அப்படியானால் இந்த ஊர்ப் பெண்கள் எங்கேதான் குளிப்பார்கள்?”

“அருவியில குளிப்பாக. அங்கன எல்லாரும் குளிக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக.”

“அப்போ அருவிக்குப் போவோம்” என்றேன். மாப்பிள்ளையின் அக்கா கேட்டால் பெண் வீட்டார் மறுக்க முடியாது. அந்த அதிகாரத்தை நான் கூச்சமே இல்லாமல் பயன்படுத்தினேன்.

பாபநாசத்துக்குப் போவதென்று முடிவாயிற்று. ஆத்தூர்க்காரர் ஒருவரின் வாடகைக் கார் வந்தது. எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று அழைத்ததால் பெயரே எனக்குத் தெரியாமல் போயிற்று. தன் ஊர் வெற்றிலையைத் தவிர வேறு வெற்றிலையைத் தொடமாட்டேன் என்று கட்டுக்கட்டாக ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தார். சன்னலுக்கு வெளியே துப்புவதற்காக வண்டியை மெதுவாக்குவாரே தவிர, வளைவுக்காக மெதுவாக்கமாட்டார். மாமி முன்சீட்டில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டு வந்தாள். மடியில் சோற்று மூட்டை. புளிச்சோறும், பொரித்த மீனும், கணவாய் வறுவலும்.

“கோயில் இருக்குற இடம். மீன் வாசம் ஆவாது. முன்னாலயே தின்னுட்டுப் போயிருவோம்” என்றாள். அம்பாசமுத்திரம் தாண்டுமுன் ஒரு வாய்க்கால் கரையில் மருதமரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டோம். தண்ணீரும் வயலும் கண்ணுக்கெட்டியவரை பச்சை. தூத்துக்குடிக் காய்ச்சலில் இருந்து எழுந்து வந்ததுபோல் இருந்தது.

சாப்பிட்டு ஏறிக் கொஞ்ச தூரத்திலேயே டயர் வெடித்தது. அண்ணாச்சி இறங்கிப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த மாற்று டயரை எடுத்தார். அதிலும் காற்று இல்லை.

“போன வாரமே பாத்திருக்கணும்” என்றார், வேறு யாரையோ குறை சொல்வதுபோல.

“போன வாரம் பாக்கலைன்னா நேத்து பாத்திருக்கலாம்லா?” என்றார் ராயப்பன்.

“நேத்து வண்டி நல்லா ஓடிச்சே.”

அந்த நேரம் பாபநாசம் பஸ் ஒன்று வந்தது. நான் நடுரோட்டில் நின்று கையைக் காட்டினேன். டிரைவர் திட்டிக்கொண்டே நிறுத்தினார். ராயப்பனும் அண்ணாச்சியும் டயரைப் பார்க்கட்டும், நாங்கள் மூவரும் முன்னால் போகிறோம் என்று சொல்லி, மாமியைத் தள்ளி ஏற்றிவிட்டேன். உள்ளே ஒரு கூடைக் கோழி, ஒரு மூட்டை நெல், ஒரு கல்யாணக் கூட்டம். பின்னால் நின்ற கிழவர் பக்கத்து ஆளிடம், “இந்தம்மா பேசுதது மலையாளமாவே?” என்று கேட்டது காதில் விழுந்தது. கொழும்புத் தமிழ் என்று திரும்பிச் சொன்னேன். “அப்பம் ரொட்டி வரிசை நெசந்தானா?” என்றார்.

பாபநாசம் படித்துறையில் இறங்கியதும் மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி. ஆற்றில் பனங்கிழங்கு நிறத்தில் பெரிய பெரிய மீன்கள், கையெட்டும் தூரத்தில், பயமில்லாமல் புரண்டுகொண்டிருந்தன. யாத்திரைக்காரர்கள் பொரி வாங்கிப் போட்டார்கள். யாரும் பிடிப்பதில்லை, சாமி மீன் என்றார்கள்.

“இம்புட்டு மீனு, ஒரு வலை இல்ல. ராயப்பன் பாத்தா அழுதுருவான்” என்று மாமி வியந்தாள்.

அருவிக்கு மேலும் ஒரு மணி நேர நடை. மாமியால் முடியாது. அங்கே பஞ்சாலைக் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் குளிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு நாங்கள் போகிறோம், கார் வந்ததும் நீங்கள் வாருங்கள் என்றேன். மாமி பிலோவின் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வாயைத் தொறக்காம போயிட்டு வா” என்று மகளிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாக என்பது அவள் நினைப்பு. எனக்கு நன்றாகவே கேட்டது.

மலைச் சாலை ஆற்றை ஒட்டியே ஏறியது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளத்தில் தண்ணீர். குரங்குகள் பிலோவின் கையிலிருந்த துணிப்பையைக் குறிவைத்துக் கூடவே வந்தன. பஞ்சாலைப் பெண்கள் சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு நடந்தார்கள். ஒருத்தி தன் மாமியாரைப்போல் நடித்துக் காட்ட, மற்றவர்கள் நின்று நின்று சிரித்தார்கள். நான் வேகமாக நடப்பவள். பிலோ பின்தங்கிவிடுவாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்கினாலும் என்னைவிட ஓர் அடி பின்னால் விடாமல் வந்தாள்.

அருவியின் இரைச்சல் முதலில் வந்தது, பிறகு குளிர்ச்சி, கடைசியில்தான் அருவி. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் நான் பார்த்த அருவிகள் எல்லாம் எட்ட நின்று படம் பிடிப்பதற்கானவை. இது அப்படி இல்லை. தலையைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். கிழவிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் புடவையை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாங்களும் நின்றோம். உச்சந்தலையில் நூறு கைகள் அடித்தன. வெளியே வந்தபோது பிலோ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

“மேல ஒரு சுனை இருக்கு, கல்யாண தீர்த்தம். படி ஏறிப் போகணும்” என்றாள் ஒரு பஞ்சாலைப் பெண். “ஆழமா இருக்குற பெரிய கசத்துல மட்டும் இறங்கிராதீய. முங்குனா ஆளே கிடைக்காது. ஓரத்துல சின்னச் சின்னக் குழி இருக்கும், அதுல குளிங்க.”

பெண் பார்க்க வந்தவளுக்குக் கல்யாண தீர்த்தம் என்ற பெயரே போதாதா? படி ஏறினோம். காட்டுக்குள், வேர்களுக்கு நடுவே, வழுக்கும் கற்படிகள். மேலே போனதும் மரங்கள் விலகி, நாலாபுறமும் பாறை சூழ்ந்த ஒரு பெரிய நீர்ப்பரப்பு. எதிர்ப்புறத்திலிருந்து தண்ணீர் பாறையில் முட்டி மோதி வந்து விழுந்துகொண்டிருந்தது. விழும் இடம் கறுப்பு. அதன் ஆழம் பார்த்தாலே தெரிந்தது. ஓரமாகத் தண்ணீர் காலங்காலமாகக் குடைந்த கிண்ணங்கள் பாறையில் இருந்தன. ஒன்று வீட்டு அறை அளவு அகலம். அடிமணல் தெரிந்தது. ஆள் யாரும் இல்லை.

நான் நீச்சல் ஆசிரியை. மாணவி முன்னால் கொஞ்சம் அலங்காரம் வேண்டாமா? பாறை விளிம்பில் நின்று அந்தக் கிண்ணத்துக்குள் பாய்ந்து, வழக்கம்போல் மல்லாந்தேன். கடலாக இருந்தால் அப்படியே தூக்கிப் பிடித்திருக்கும். இது கைவிட்டது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறி, இருமிக்கொண்டு எழுந்தேன். உப்பில்லாத தண்ணீரில் நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொள்ளவேண்டும் என்பதைப் பள்ளியில் நூறு தடவை சொல்லியிருப்பேன்.

பிலோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“சிரிக்காதே. இறங்கு” என்றேன்.

இறங்கினாள். முழங்கால், இடுப்பு, பிறகு நெஞ்சு. குளிரில் ‘ஆ’ என்றாள். சின்ன மீன்கள் காலைக் கொத்தின. கழுத்துக்குக் கீழே என் கையை வைத்து, தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னேன். உடம்பைக் கட்டைபோல் விறைத்துக்கொண்டாள். கால் தரையைத் தேடியது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சாய்ந்தபோது, கண்ணை மூடிக்கொண்டு, “அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவப்படக்கூடாது” என்றாள்.

“சொல்.”

“நான் வேலைக்குப் போறேன். அம்மா ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னுட்டா. நீங்க வாரீயன்னு இந்த வாரம் லீவு போட்டிருக்கேன்.”

என் கை அவள் கழுத்தடியில் இருந்தது. எடுக்கவில்லை. “என்ன வேலை?”

“புதுத் துறைமுகத்துல, டிராயிங் ஆபீஸ்ல. டிரேசர். இஞ்சினியருமாரு பென்சில்ல போட்டுக் குடுக்குறத நான் மேல துணி விரிச்சு மையில எடுப்பேன். அதுல இருந்துதான் பிரிண்ட் போடுவாக.” இப்போது கண்ணைத் திறந்தாள். “நீங்க நேத்துப் பாத்தீயள்ல, அந்தக் கல்லுச் சுவரு, அதுல பாதி என் கையில வந்ததுதான். கடலு எங்கன எத்தன ஆழம்னு நம்பரு போட்டு எடுத்திருக்கேன். ஆனா தண்ணிக்குள்ள நிக்கிறது இன்னைக்குத்தான்.”

எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வீட்டோடு இருக்கும் பெண் என்று சொல்லிக் கடல்கடந்து வரவழைத்திருக்கிறார்கள். கண்டிப் பள்ளிக்கூடத்தின் நீலக் குளம் என் கண் முன்னால் வற்றிக்கொண்டு போனது. அவளை நிற்கவைத்துவிட்டு, கிண்ணத்தின் மறுகரைக்கு நீந்திப்போய்ப் பாறையில் ஏறி உட்கார்ந்தேன். அவள் நெஞ்சளவுத் தண்ணீரில் தனியாக நின்றாள். பயந்திருப்பாள். ஆனால் கரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அல்பர்ட்டைப் பிடிக்கவில்லையா?” என்று இரைச்சலுக்கு மேலாகக் கத்தினேன்.

“அவுகள நான் பாத்ததே இல்லையே! போட்டோல நல்லாத்தான் இருக்காக.” அவளும் கத்தவேண்டியிருந்தது. “அங்கன வந்தா எனக்கு இந்த மாதிரி வேலை கிடைக்குமா?”

பொய் சொல்லியிருக்கலாம். “கிடைக்காது. இந்தியாக்காரிக்கு யார் கொடுப்பார்கள்?” என்றேன்.

“அப்பம் நான் என்ன செய்யணும்?”

“வீட்டைப் பார்க்கவேண்டும். அம்மாவுக்கு இழுப்பு. கூடவே ஓர் ஆள் இருக்கவேண்டும்.”

“இப்பம் யாரு பாக்கா?”

“நான்தான்.”

“அவுக?”

“யார்?”

“மாப்பிள்ளை.”

“அவனுக்கு வேலை இருக்கிறது” என்றேன்.

“ஒங்களுக்கும் இருக்கே அக்கா.”

அதில் குத்தல் எதுவும் இல்லை. கணக்கில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்பதுபோலக் கேட்டாள். அம்மாவுக்கு முதல்முதல் இழுப்பு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா கேட்கவில்லை. அல்பர்ட் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை. ஒரு பெண்ணை விடுவிக்க இன்னொரு பெண்ணை வாங்க, கடல் தாண்டிப் பெட்டியோடு வந்திருக்கிறேன். வீட்டில் இருபத்தேழு வயதில் ஓர் ஆண்பிள்ளை, இரண்டு கையும் காலும் நன்றாக இருக்க, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீருக்குள் இறங்கி அவளிடம் போனேன்.

“படு” என்றேன்.

“கோவமா?”

“உன் மேல் இல்லை. படு. காது தண்ணீருக்குள் இருக்கவேண்டும். வானத்தைப் பார். மூச்சை நெஞ்சில் நிறைத்து வை.”

இந்தமுறை அவள் உடம்பு இளகியது. கால்கள் தானாக மேலே வந்தன. கையை மெதுவாக விலக்கினேன். அவளுக்குத் தெரியாது. தலைமுடி சுற்றிலும் பரவ, மரக்கிளைகளுக்கு நடுவே தெரிந்த வானத்தைப் பார்த்தபடி மிதந்தாள். பெரிய சுனையில் தண்ணீர் இரைந்துகொண்டிருந்தது. அவள் காதுக்குள் ஒன்றும் விழுந்திருக்காது.

“அக்கா, கைய எடுத்துராதீய” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

“எடுத்து எவ்வளவோ நேரமாச்சு.”

உடனே மூழ்கி, இருமிக்கொண்டு எழுந்தாள். “இன்னொருக்கா” என்றாள். அந்தப் பிற்பகல் முழுவதும் இன்னொருக்கா, இன்னொருக்காதான்.

நாங்கள் இறங்கி வந்தபோது கார் அருவிக்குக் கீழே நின்றது. டயர் ஒட்டிய கதையை அண்ணாச்சி வீரக்கதையாகச் சொன்னார். ராயப்பன் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டதாகச் சொல்லி, தன் கைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மாமி மகளின் நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே என் முகத்தைப் படித்தாள். வழி முழுக்க ஜெபமாலை ஓடியது. பிலோ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை, பிலோவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மாமி அடுப்படியில் என்னை உட்காரவைத்தாள். கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டாள்.

“சொல்லிட்டாளா?”

“சொன்னாள்.”

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். “வேலைய விட்டுருவாம்மா. ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே விட்டுருவா. இவ அப்பா கடல்ல மூச்சடக்கி அடக்கி நெஞ்சு போயி செத்தாரு. இவன் தோணியில போனா திரும்பி வாரவரைக்கும் நான் உறங்குறதில்ல. இவளாவது ஒரு நல்ல வீட்டுல…” முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “பாத்துட்டு வேண்டாம்னு போயிட்டாகன்னா இந்தத் தெருவுல நான் எப்படித் தலை நிமிந்து நடப்பேன்?”

அதை நான் நினைத்துப் பார்த்திருந்தேன். இரவு பாதித் தூக்கம் அதற்குத்தான் போயிற்று.

“மாமி, நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள்தான் வேண்டாம் என்று சொல்கிறீர்கள்.”

“நானா?”

“ஓம். மாப்பிள்ளைக்குச் சோறு வடிக்கத் தெரியாது, சொந்த அம்மாவுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கத் தெரியாது, அப்படிப்பட்டவனுக்கு அரசாங்க வேலை பார்க்கும் பெண்ணைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். அத்தனையும் உண்மை. நானே சாட்சி.”

மாமி என்னை வெகுநேரம் பார்த்தாள். “ஒங்க தம்பிய நீங்களே இப்படிச் சொல்லலாமா?”

“நான் சொல்லாமல் வேறு யார் சொல்வது?”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் கருகிப்போன தோசையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு எனக்குப் புதிதாக ஒன்று ஊற்றினாள். அன்று மாலை பூசைக்குப் போய் வந்தபோது அவள் நடையே வேறாக இருந்தது. கோயில் வாசலில் யாரிடம் எதைச் சொன்னாளோ, இருட்டுவதற்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. கொழும்பு மாப்பிள்ளைக்கு அங்கே ஏற்கெனவே ஒரு சிங்களத்தி இருக்கிறாளாம், நல்லவேளை பெண் வீட்டார் சுதாரித்துக்கொண்டார்களாம். எதிர் வீட்டுக்காரி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “தம்பி இப்படிப் பண்ணுனா அக்கா என்னம்மா செய்வ?” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பை அடக்கக் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் கிளம்பிய காலை பிலோ லீவு முடிந்து வேலைக்குப் போனாள். துறைமுக பஸ்ஸில் அவளோடு வாசல்வரை போனேன். உள்ளே விடமாட்டார்கள். வாசலில் லாரிகள் கருங்கல் ஏற்றிக்கொண்டு வரிசையாக நின்றன. டிபன் பாக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காற்றில் தாவணி பறக்க, அவள் நேராக நடந்து போனாள். காவலாளி அவளைப் பார்த்ததும் எழுந்து, “என்னம்மா, காய்ச்சலா? ஆளயே காணும்?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் அல்பர்ட் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றான். பெட்டியை வாங்கிக்கொண்டே, “பொண்ணு எப்படிக்கா?” என்றான்.

“பொண்ணு நல்ல பொண்ணு. அவர்கள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.”

நின்றுவிட்டான். “ஏன்?”

பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை. கண்டி வேலைக்கு நான் சம்மதம் என்று எழுதிப்போட்டுவிட்டேன் என்பதையும் சொன்னேன். தூத்துக்குடித் தபாலாபீஸிலேயே போட்டாயிற்று. முதலில் கோபப்பட்டான். பக்கத்து சீட்டு அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

“அப்போ அம்மாவை யார் பார்க்கிறது? எனக்குக் காலையில வேலை இருக்கு.”

“எனக்கும் இருக்கு. பகலில் ரோசாக்கா பார்ப்பாள், அவளுக்கும் எழுதிக் கேட்டுவிட்டேன். காலையும் இரவும் நீ.”

“எனக்கு என்ன தெரியும்?”

“எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.”

அதன்பிறகு வீடு வரும்வரை அவன் சன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவன் முடியாது என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்குள் போனதும் அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இழுப்பு பெரிதாக இல்லை. தொடங்குகிற இழுப்பு. என்னைப் பார்த்ததும் கையை நீட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினேன். வழக்கமாக அந்த நேரத்தில் எழுந்து அடுப்படிக்கு ஓடுவேன். எழவில்லை.

அல்பர்ட் பெட்டியைக் கீழே வைத்தான். என்னைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குள் போனான். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தீப்பெட்டி இரண்டு முறை உரசும் சத்தம். பிறகு அவன் தலை மட்டும் வாசலில் தெரிந்தது.

“அக்கா, வெந்நீருக்கு இஞ்சிய நறுக்கிப் போடணுமா, தட்டிப் போடணுமா?”

“தட்டி” என்றேன்.